வீடு சந்திப்புப் புத்தகம்

ஹோர்சன்ஸ்
22 ஜனவரி 2026

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

நிலக்சி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு முதலில் நன்றி. சபையிலிருந்து விலக்கப்பட்டவருக்கு எழுதக்கூடாது என்பது ஒழுங்கு. மூன்று மாதமாக அதைக் காத்தேன். இன்று மீறுவது றோஸைப் பற்றி ஒன்று சொல்லுவதற்காக. அதைச் சொல்லும் துணிவு வரும்வரை வேறு செய்திகளை எழுதிக்கொண்டிருப்பேன். தயவுசெய்து இடையில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

கிறீன்லாந்தில், உங்கள் நூக்கில், இப்போது பகல் ஆறு மணிநேரம்கூட இல்லையாம், தேடிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மொழி எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உங்களுக்குத் தரப்பட்ட வீட்டில் சூடாக்கி ஒழுங்காக வேலை செய்கிறதா? இங்கே பனி கொட்டுவதும் கரைவதுமாக இருக்கிறது. தெருவில் இருந்த சிவப்புத் தபால்பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். இனிக் கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் கடையில் கொடுத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று இதைப் பக்கத்து நகரமான பிரெடெரிசியாவுக்கு ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கடவுச்சீட்டுகள் வைக்கும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அம்மா நாளுக்கு ஒரு தடவையாவது ஏதோ தேடுவதுபோல அந்த லாச்சியைத் திறக்கிறார். உறையை எடுத்து உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். வாசிப்பதுதான் ஒழுங்குக்கு மாறு, பார்ப்பது மாறு இல்லை என்று அவருக்குள் ஒரு தீர்ப்பு. அதன் பின்பக்கத்திலிருந்துதான் உங்கள் விலாசத்தைப் பிரதி பண்ணினேன்.

இடியப்பம் இன்னும் நாலு பேருக்கு அவிக்கிறார். மிஞ்சுவதை நான் வேலைக்குக் கொண்டுபோகிறேன். மத்தியானம் டெனிஸ்காரர் கறுத்த பாணுக்கு மேல் மீன் வைத்துச் சாப்பிடும் மேசையில் இருந்து உங்கள் பங்கைச் சாப்பிடுகிறேன். அப்பாவின் முழங்காலில் திரும்பவும் நீர் கட்டியிருக்கிறது. ஆனாலும் சபை மூப்பரோடு ஆலோசனைக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. உங்களைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. ஒருநாள் மட்டும் தொலைக்காட்சியில் கிறீன்லாந்து வந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். பிறகு, “அவங்கள் கனக்கச் சுத்திக் காட்டுறாங்கள், ஊரைக் காட்ட மாட்டாங்கள்” என்று யாருக்கோ கோபித்துக்கொண்டு நிற்பாட்டிவிட்டார்.

நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தில் எனக்கு ஒரு புதிய பெட்டி தந்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பலர் மோர்மன் சபையில் சேர்ந்து கப்பலேறி, அமெரிக்காவில் உப்பு ஏரிப் பக்கம் வெறும் நிலத்தில் ஊர் அமைக்கப் போனார்கள் அல்லவா? அப்படிப் போன கிர்ஸ்டினே என்ற பெண், இங்கே இருந்த தன் தங்கை மாரெனுக்கு எழுதிய கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கூர் கூரான டெனிஷ் கையெழுத்து. ஒரு பக்கம் வாசிக்க எனக்கு அரை நாள் போகிறது.

அந்த ஊரின் பிஷப்பும் ஒரு விவசாயிதானாம். வாய்க்கால் தண்ணீர் எந்த வயலுக்கு எத்தனை மணிக்கு, வேலியை யார் அடைப்பது, யாருடைய மாடு யாருடைய கோதுமையைத் தின்றது, எல்லாம் அவரே தீர்த்து வைத்தார். சகோதரன் சகோதரனை வெளி நீதிபதியிடம் கொண்டுபோகக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் வீடு வீடாக வந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் செபம் உண்டா, யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் உண்டா என்று கேட்டு, பிஷப்பிடம் போய்ச் சொல்லுவார்கள். பெரிய முடிவுகளுக்குச் சபை கை தூக்க வேண்டும். வாசிக்க வாசிக்க எனக்கு வியர்த்தது, அக்கா. வாய்க்காலை எடுத்துவிட்டால் மிச்சம் அப்படியே நம் ஒழுங்குப் புத்தகம்.

ஒரு கடிதத்தில் நீல்ஸ் என்ற அயலவனைப் பற்றி எழுதியிருக்கிறாள். தண்ணீர் முறையில் தனக்கு அநியாயம் நடந்ததென்று அவன் வெளி நீதிபதியிடம் போனான். சபை அவனை விலக்கியது. ‘நானும் கை தூக்கினேன். அவன் மனைவி எனக்கு முன் வரிசையில் இருந்தாள். அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கினேன்’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கடுத்த கடிதம் கோழிகளையும் துணியின் விலையையும் பற்றியது. அதற்குப் பிறகு இன்னும் பதின்மூன்று கடிதங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூன்று தரம் பார்த்துவிட்டேன். நீல்ஸும் அவன் மனைவியும் என்ன ஆனார்கள் என்று எங்கேயும் இல்லை.

உலகத்தில் நாங்கள் மட்டும் இப்படி இல்லை என்று முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. பதின்மூன்றாவது கடிதத்தை மூடி வைத்தபோதுதான், நானும் இப்படியே கோழிக்கும் துணிக்கும் போய்விடப் போகிறேன் என்று பயம் பிடித்தது. ஆகையால் இனிச் சுற்றி வளைக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை வரும்.

ஒக்டோபர் நாலாம் திகதி சனிக்கிழமை, அமலராணி அன்ரியும் நானும் சபையின் மாதாந்த வீடு சந்திப்புக்குப் போனோம். அந்த மாதம் எங்களுக்கு ஐந்து வீடுகள். கடைசி வீடு தாசன் அண்ணையினதும் அவருடைய மனைவி றோஸினதும். அன்ரியை உங்களுக்குத் தெரியும். “மூண்டு கேள்விக்கு மூண்டு ரோல்ஸாவது தராத வீட்டிலை என்னெண்டு ஆவியானவர் இருப்பார்” என்று படியேறும்போதே சொல்லிச் சிரித்தார். தாசன் அண்ணை பாட்டுப் பயிற்சிக்கென்று கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போயிருந்தார். அன்ரி கதிரையில் இருந்து மூன்று கேள்விகளையும் கேட்டார். செபம் உண்டா? ஓம். மனத்தாங்கல் உண்டா? இல்லை. சபைக்குச் சொல்ல ஏதும் உண்டா? இல்லை. கனடாவிலிருந்து மகன் எடுக்க, அன்ரி தொலைபேசியோடு பல்கனிக்குப் போனார்.

நான் தேநீர்க் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனேன். றோஸ் இடது கையால் கழுவிக்கொண்டிருந்தாள். வலது கையின் சின்ன விரலில் துணி சுற்றியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே திரும்பி, “சாரங்கா அக்கா எனக்கு ஒரு இடம் பாத்திருக்கிறா. வாற வெள்ளி ரெண்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போறா. இனி இங்கை இருந்தால் நான் மிஞ்ச மாட்டன்” என்றாள். நீங்கள் எனக்கும் ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துச் சொன்னாள். அப்பாவின் மகள், அதோடு சந்திப்புக்குப் போகிறவள் என்பதால்தான் நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள் என்பது பிறகுதான் விளங்கியது. என்னைக் காப்பாற்றத்தான் நீங்கள் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து, மூப்பரிடம் கொடுக்கும் சந்திப்புப் புத்தகத்தை எழுதினேன். சந்தித்தவர் கேட்டதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பது ஒழுங்கு. பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து நான் அந்த ஒழுங்குகளில் ஒன்றையும் மீறியதில்லை, உங்களுக்குத் தெரியும். நான் எழுதியது இதுதான். எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

‘சகோதரி றோஸ் கணவருக்குப் பயந்து இருக்கிறார். வெள்ளிக்கிழமை வேறிடம் போக இருக்கிறார். சாரங்கா உதவி செய்கிறார். சபை இவர்களுக்காகச் செபிக்க வேண்டும்.’

செபிக்க வேண்டும் என்று எழுதினேன், அக்கா. உங்களுக்காகவும்தான். அதை எழுதி முடித்தபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது என்பதை எப்படிச் சொல்லுவேன்.

சபாரத்தினம் மூப்பர் ஞாயிறு புத்தகத்தை வாங்கினார். புதன்கிழமை வரை உபவாசம் இருந்து செபித்தாராம். பிறகு தாசன் அண்ணையைக் கூப்பிட்டுக் கதைத்தார், பிழை செய்தவனை முதலில் தனியே கூப்பிட்டுக் கதைக்க வேண்டும் என்பதால். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு இதை எழுத இலகுவாக இருந்திருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை நீங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்தி மேலே ஏறியபோது அவர்கள் வீட்டு விறாந்தையில் மூப்பரும் அப்பாவும் தாசன் அண்ணையும் இருந்தார்கள். றோஸ் நடுவில். “வீட்டுக்குள்ளை தீர்க்கிற விசயத்தை நகரசபைக் கொம்யூன்காரன்ரை மேசையிலை கொண்டுபோய் வைக்கிறதோ, பிள்ளை?” என்று மூப்பர் கேட்டதும், “வீட்டுக்குள்ளைதான் அவளின்ரை விரல் முறிஞ்சது, ஐயா” என்று நீங்கள் சொன்னதும் சபை முழுக்கத் தெரியும். அமலராணி அன்ரி அதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். “நேர்ஸ் படிச்ச பிள்ளை எல்லாருக்கும் ஊசி போடப் பாத்தது” என்று முடிப்பார்.

அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் முகம் கழுவினீர்கள். துவாயைத் தந்தது நான். “அவளே பயந்து வாயை விட்டிட்டாள், நிலா. வாசலிலை கேட்டன், தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டாள். எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். இனி அவள் செத்தாலும் நான் அந்தப் படி ஏற மாட்டன்” என்றீர்கள். அழுதீர்கள். நான் துவாயைத் திரும்ப வாங்கிக் கொடியில் போட்டேன்.

அதுதான், அக்கா. றோஸ் வாய் விடவில்லை. நான் எழுதினேன்.

மிச்சம் நீங்கள் இருந்து பார்த்தது. அந்த ஞாயிறு தாசன் அண்ணையும் றோஸும் சமாதானமாகிவிட்டோம் என்று சபைக்கு முன் கை பிடித்து நின்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் முன்னால் நின்றீர்கள். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றீர்கள். ஒருவரை விலக்க எல்லாக் கையும் உயர வேண்டும், ஒரு கை குறைந்தாலும் முடியாது. அந்த ஒரு கை என்னுடையதாக இருந்தது. மூப்பர் அவசரப்படுத்தவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மா தோள் அளவுக்குத் தூக்கிய கையைக் கீழே விடாமல் இருந்தார். அப்பா முன் வரிசையிலிருந்து திரும்பினார். நீங்கள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தீர்கள். என்னை இலேசாக்குவதற்காகத்தான் அப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தூக்கினேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிறு பாட்டு நேரத்தில் எல்லாரும் கை உயர்த்தியபோது றோஸின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிச் செபித்தாள். தாசன் அண்ணை கீபோர்ட்டை நன்றாகத்தான் வாசித்தார். றோஸின் தொலைபேசி அவருடைய பைக்குள் இருக்கிறது. டெனிஷ் வகுப்பை நிறுத்திவிட்டார். உன் வதிவிட அனுமதி என் பெயரில்தான் நிற்கிறது, நான் ஒரு கையெழுத்துப் போட்டால் மன்னாருக்குப் போய்ச் சேருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அடிபட்டவர்களுக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது என்று நீங்கள் அவளுக்கு விளங்கப்படுத்தினீர்கள். உங்களுக்குப் பிறகு அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

டிசம்பரில், நீங்கள் அவளுக்குப் பார்த்திருந்த அந்தப் பெண்கள் காப்பகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். பெயர் சொல்லவில்லை. அங்கே பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். இடம் இருக்கிறது, ஆனால் அவளுக்கு விருப்பம் வேண்டும், அவளாக வர வேண்டும் என்றாள்.

உங்கள் கோபத்தை அவளிடமிருந்து எடுத்து என்மேல் வையுங்கள். அவளோடு ஒருமுறை கதையுங்கள். அடுத்த மாதச் சந்திப்புக்கு அந்த வீடு எங்களுக்குத்தான் வருகிறது. அதற்குள் என் வேலையிட விலாசத்துக்குப் பதில் வந்தால் அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

குளிருக்குள் கவனமாக இருங்கள். அம்மா உங்கள் பழைய கம்பளிக் காலுறைகளைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கை என்று போட உரிமை இருக்கிறதா தெரியாத,
நிலக்சி

•

ஹோர்சன்ஸ்
19 பெப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ, வந்து சேர்ந்துதான் பதில் இல்லையோ தெரியாது. இரண்டாவதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதுவே கடைசி, இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

போன சனிக்கிழமை சந்திப்புக்குப் போனோம். தாசன் அண்ணை வீட்டில் இருந்தார். அன்போடு வரவேற்றார், அன்ரிக்குக் காலுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். பெட்டி நிறைய ரோல்ஸ் வாங்கி வைத்திருந்தார். “இதுதான் ஆசீர்வாதமான வீடு” என்றார் அன்ரி, வாய் நிறைய. “உங்கடை வாயால வாறது பலிக்கட்டும், அன்ரி” என்று அவர் சிரித்தார். றோஸும் சிரித்தாள். அவர் சிரித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுச் சரியாக அதே அளவு சிரித்தாள்.

மூன்று கேள்விகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் சொல்லுவதுபோல ஓம், இல்லை, இல்லை என்றாள். அன்ரிக்கு மகனின் புது வீட்டுப் படங்களைக் காட்ட வேண்டியிருந்தது. தாசன் அண்ணை மரியாதைக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்த நேரம் நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, ஒக்டோபரில் புத்தகத்தில் எழுதினது நான்தான் என்று சொன்னேன். நாலு மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவள் திடுக்கிடவில்லை. கோப்பையைத் துடைத்துக்கொண்டே, “எனக்குத் தெரியும். நான் உம்மட்டை மட்டும்தானே சொன்னனான்” என்றாள்.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அப்படியென்றால், அந்த வெள்ளிக்கிழமை வாசலில் வைத்து நீங்கள் அவளிடம், “நீயே சொல்லிப்போட்டியே” என்று கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தலையைக் குனிந்தது அதை மறைக்கத்தான். ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லி? எனக்கு அக்காவும் இல்லை தங்கச்சியும் இல்லை. உங்களுக்கு ஆளுக்கொண்டு இருக்கு. நான் வந்து அதையும் உடைச்சுப்போட்டு என்னத்துக்கு?” என்றாள். ஒரு தட்டில் இருந்த சட்னியை வழித்துக்கொண்டு சொன்னாள், வேறு ஏதோ சமையல் கதைபோல.

தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளின் கோபத்தை, அக்கா, அவள் எங்களுக்காகத் தன்மேல் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். அதை வாங்கியும் எங்களுக்குள் எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் மிச்சக் கதை. பத்து நாளைக்குள் நான் கை தூக்கினேன். அவளும் அங்கே கணவரின் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவளுடைய கையையும் அவர்தான் பிடித்துத் தூக்கினார்.

நான் அவளுக்குப் பெண்கள் காப்பகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கப் பார்த்தேன். கடுதாசியைக்கூட எடுக்கவில்லை. ஒரு நாளைக் குறிப்போம், நானே கார் ஒழுங்கு பண்ணுகிறேன் என்றேன். “வேண்டாம் நிலக்சி. நீர் நல்லவர். நீர் நல்லவர் எண்டபடியால்தான் பயமாயிருக்கு” என்றாள். நான் இனி எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். “கேட்டால் சொல்லுவீர். உமக்கு ஒளிக்கத் தெரியாது. இனி எனக்கு ஒண்டும் செய்யாதையும்” என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. எனக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் தட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது. கோபித்திருந்தால் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன்.

உள்ளே இருந்து, “என்ன, கோப்பை கழுவுறியளோ கோப்பை செய்யிறியளோ?” என்று தாசன் அண்ணை கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பைப்பைப் பூட்டிவிட்டு முதலில் வெளியே போனாள்.

படியிறங்கும்போது, “என்ன எழுதுவம்?” என்று அன்ரி கேட்டார். நலம் என்று எழுதுவோம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியபடி, “எனக்கும் கண் இருக்குப் பிள்ளை. இந்த வயசிலை நான் எங்கை போவன்?” என்றார்.

நான் நலம் என்று எழுதினேன். ஞாயிறு மூப்பர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை விரித்து, கண்ணாடியைக் கழற்றி, “எழுத்து ஒரு மாதிரிக் கிடக்கு. எல்லாம் உண்மைதானே, பிள்ளை?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், சின்ன வயதில் எங்களைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில். ஓம் என்றேன். ஓம் என்ற பிறகும் என் வாய் மூடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் குசினியில் நடந்தது முழுவதையும் சொல்லியிருப்பேன். யாரோ குழந்தையை ஆசீர்வதிக்கக் கொண்டுவந்தார்கள், அவர் திரும்பிவிட்டார். றோஸ் என்னைப் பற்றிச் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது கண்டேன். இருபத்தாறு வயதில் ஒருத்தி தன்னைப் பற்றி இப்படி அறிந்துகொண்டு அதற்குப் பிறகு எப்படி நடமாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

சபையை விட்டு வெளியே வந்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். நான் வந்தால் அந்த வீட்டுக்குச் சந்திப்புக்குப் போகிறவர் வேறு யாராக இருப்பார் என்றும் நினைக்கிறேன். அது எனக்கு நானே சொல்லும் சாட்டாகவும் இருக்கலாம்.

ஆனபடியால் கேட்கிறேன். அவள் என்னிடமிருந்து எதையும் வாங்க மாட்டாள். உங்களிடமிருந்து வாங்குவாள். காப்பகத்துப் பெண் சொன்ன அந்த விருப்பம் அவளுக்குள் ஒக்டோபரில் இருந்தது, நீங்கள் பக்கத்தில் நின்றபோது இருந்தது. செவ்வாயும் வியாழனும் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். பின்னேரம் இரண்டிலிருந்து நாலு மணி வரை தனிய. அங்கே பராமரிப்பாளரின் அறையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. அந்த இலக்கத்தைத் தனித் துண்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். எங்களுக்கு இரண்டு மணி என்றால் உங்களுக்குக் காலை பதினொன்று. முதல் தரம் எடுக்காவிட்டால் திரும்ப எடுங்கள். எடுத்ததும் அவள் பேசாமல் நின்றால் நீங்கள் வைத்துவிடாதீர்கள். உங்களுடைய குரலைக் கேட்டால் போதும் அவளுக்கு. உங்களுக்குக் கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அது முதலில்.

என்னைப் பற்றி அவளோடு கதைக்க வேண்டாம். எனக்குப் பதிலும் வேண்டாம். நீங்கள் எடுத்தீர்களா, அவள் என்ன சொன்னாள், எந்த நாள், எங்கே போகிறாள், ஒன்றையும் எனக்குத் தெரியப்படுத்தாதீர்கள். ஒரு ஞாயிறு நான் சபைக்குப் போய் உட்காரும்போது அவளுடைய கதிரை வெறுமையாக இருக்க வேண்டும். மூப்பர் என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா என்று நான் சொல்ல வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும், அக்கா. உண்மையாக இருந்தால் மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

ஆண்டவர் உங்களோடும் அவளோடும் இருப்பாராக.

நிலக்சி